ஆறு நாள் பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில்: கைக்குழந்தையோடு வருகிறேன், விவரம் சொல்லுங்கள்

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஜூன் இரண்டாவது வாரம் குமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்கு ஆறு நாள் பயிற்சிப் பட்டறைக்காக வருகிறேன். வளாகத்துக்குள்ளேயே விருந்தினர் இல்லத்தில் அறை ஒதுக்கியிருப்பதாகத் துறையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அதற்கு மேல் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

என் மகளுக்குப் பதினான்கு மாதம். இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள், விட்டுவிட்டு வர முடியாது. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள என் அம்மாவும் உடன் வருகிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய், காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் திருச்சியில் ஏறி, விடியற்காலையில் நாகர்கோவிலில் இறங்கலாம் என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில் அறையைத் திறந்துவிடுவார்களா? அம்மாவையும் குழந்தையையும் என்னோடு தங்க வைத்துக்கொள்ளலாமா? கஞ்சி காய்ச்ச ஒரு சிறிய மின்சார அடுப்பு கொண்டுவரலாமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? நான் தங்கியதெல்லாம் ஓட்டல்களில்தான். வளாகத்துக்குள் தங்கிப் பழக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டாறுவாசி:

சகோதரி, பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாகர்கோவிலில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. ஒன்று சந்திப்பு, இன்னொன்று டவுன். நீங்கள் சொல்லும் வண்டி சந்திப்புக்குத்தான் வரும். அழைத்துப் போக வரும் ஓட்டுநரிடம் "நாகர்கோவில் ஸ்டேஷன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். போன மாதம் என் மைத்துனர் டவுனில் காத்திருக்க, வண்டிக்காரர் சந்திப்பில் காத்திருந்தார். வண்டி நாகர்கோவிலோடு நிற்பதில்லை, கன்னியாகுமரிவரை போகிறது. குழந்தையோடு அசந்து தூங்கிவிட்டால் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போய் இறங்க வேண்டியிருக்கும். அலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பிலிருந்து தக்கலைக்கே பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மூட்டையும் குழந்தையுமாக பஸ் மாறி மாறிப் போக வேண்டாம். முந்தைய நாளே ஒரு கார் பேசி வையுங்கள். வளாகத்திலேயே வழக்கமாக வரும் ஓட்டுநர்களின் எண்கள் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

ரப்பர்க்காட்டு அம்மா:

மக்களே, நான் இந்த மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில் இருபத்திரண்டு ஆண்டு மேற்பார்வையாளராக இருந்தவள். ஓய்வு பெற்று நான்கு ஆண்டு ஆகிறது. நான் இருந்த இடமும் நீங்கள் வரும் இடமும் ஒன்றல்ல. ஆனாலும் இந்த வீடுகள் நடக்கிற விதம் எல்லா வளாகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டலில் இரவு முழுக்க ஒருவர் மேசையில் விழித்திருப்பார். விருந்தினர் இல்லத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வாசல் கேட்டில் ஒரு காவலாளி, உள்ளே தூங்கும் ஓர் உதவியாளர், அவ்வளவுதான் ஆள். நீங்கள் வருவது அந்த இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்திருந்தால் கதவு திறக்கும், விளக்கு எரியும், வாளியில் வெந்நீர் இருக்கும். தெரியாவிட்டால் உங்கள் கையில் துணைவேந்தரின் கடிதமே இருந்தாலும் காவலாளி அதை டார்ச் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, "விடியட்டும் மேடம்" என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெயர் இல்லாதவரை உள்ளே விட்டால் அவருடைய வேலைக்கு ஆபத்து.

எனக்கே நடந்தது. ஒரு ஜூலை மாதம், அடைமழை. ஒரு பேராசிரியை புறத்தேர்வாளராக விடியற்காலை நான்கு மணிக்கு வந்து இறங்கியிருக்கிறார். துறைக் கடிதம் என் மேசையில் இருந்தது. அதன் நகலை நான் கேட்டுக்கு அனுப்பவில்லை. காவலாளியின் தகரக் கொட்டகையில், பெட்டிமேல் உட்கார்ந்து, ஆறேகால்வரை அவர் காத்திருந்தார். தவறு முழுக்க என்னுடையது. நான் ஓடிப்போய் முன்னால் நின்றபோது அவர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "கொஞ்சம் சூடாகக் காபி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அன்று முதல் ஓய்வு பெறும் நாள்வரை, மாலை ஆறு மணிக்கு அடுத்த நாள் வருகிறவர்களின் பட்டியலை நானே கேட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆகவே, துறை ஒருங்கிணைப்பாளருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ரயில் பெயர், இறங்கும் நேரம், கேட்டுக்கு வந்து சேரும் நேரம் மூன்றும் அதில் இருக்கட்டும். பிறகு விருந்தினர் இல்லத்து எண்ணை வாங்கி நேராகப் பேசுங்கள். கிளம்பும் நாள் மாலை இன்னொரு முறை பேசுங்கள். "சொன்னதையே திரும்பச் சொன்னால் கோபிப்பார்களோ" என்று தயங்க வேண்டாம். அந்த இரண்டாவது தொலைபேசிதான் பல பேரை மழையில் நிற்காமல் காப்பாற்றியிருக்கிறது.

அம்மாவும் குழந்தையும் தங்கலாம். ஆனால் அவர்களுடைய பெயர்கள் ஒதுக்கீட்டுக் கடிதத்தில் ஏற வேண்டும். பட்டறைக்கு வருகிறவர் துறையின் விருந்தினர், அவருடைய அறைக்கட்டணத்தைத் துறை கட்டும். உடன் வருகிறவர் பெரும்பாலும் சொந்தச் செலவு. இதை முன்கூட்டியே பேசி முடிக்காவிட்டால், கடைசி நாள் சாவி கொடுக்கும்போது கணக்கு எழுதுகிறவரும் நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பயணப்படிக்கு ரசீது வேண்டுமென்றால் யார் பெயரில், எந்தத் தேதியிலிருந்து என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு ரசீதைத் திருத்துவது பெரிய பாடு.

நேரக் கணக்கையும் கேளுங்கள். சில இல்லங்களில் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி. சில இல்லங்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து மறுநாள் பன்னிரண்டுவரை. இரண்டாவது முறையாக இருந்தால், விடியற்காலையில் வரும் உங்களுக்கு முந்தைய இரவிலிருந்தே அறை பதிந்தாக வேண்டும். இல்லையென்றால் முந்தைய நாள் தங்கியவர் காலி செய்து, பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றும்வரை வரவேற்பறை நாற்காலிதான். கைக்குழந்தைக்கு அது ஆகாது.

அடையாள அட்டை அம்மாவுக்கும் வேண்டும். பெரிய பதிவேட்டில் பெயர், ஊர், வந்த நேரம், எதற்காக வந்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்வார்கள். சிலர் இதில் முகம் சுளிப்பார்கள். வெளிநாட்டவர் வந்து தங்கினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவர்களுடைய விவரத்தை அரசுக்கு அனுப்பியாக வேண்டும், அது சட்டம். அந்தக் கண்டிப்பிலேயே பழகிய கை என்பதால் எல்லோரிடமும் அப்படித்தான் கேட்கும்.

மின்சார அடுப்பு வேண்டவே வேண்டாம் மக்களே. இது அதிகாரம் காட்டுவதற்கான விதி இல்லை. 1500 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். கட்டில் பக்கத்தில் இருக்கும் சிறிய பிளக் ஐந்தோ ஆறோ ஆம்பியருக்கானது. ஒரு முறை ஒரு விருந்தினர் அறையில் சோறு வைக்கப்போய் பிளக் உருகி, மெத்தை ஓரம் கருகிவிட்டது. அந்த நாற்றம் ஒரு மாதம் போகவில்லை. கஞ்சிக்கு அடுக்களையில் சொல்லுங்கள். விருந்தினர் இல்லத்து அடுக்களைகளில் வேலை செய்கிறவர்கள் முக்கால்வாசி பேர் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், கைக்குழந்தை என்றால் மறுப்பதில்லை. ஒரு நல்ல பிளாஸ்க், மூடியுள்ள சிறிய பாத்திரம், குழந்தையின் கரண்டி மூன்றையும் கொண்டுவாருங்கள். இரவு எட்டு மணிக்கு வெந்நீர் நிரப்பி வைத்துக்கொண்டால் நடு இரவில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

இனி சாப்பாடு. ஜூன் என்கிறீர்கள், அதனால் கூடுதல் கவனம் வேண்டும். தேர்வு முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போயிருக்கும் காலம் அது. விடுதி மெஸ் மூடியிருக்கலாம், அல்லது பாதி ஆளோடு நடக்கலாம். விருந்தினர் இல்லத்தில் ஆள் எண்ணித்தான் சமைப்பார்கள். நாளைய காலைக்கு எத்தனை பேர், மதியம் எத்தனை பேர் என்று முதல் நாள் மாலையே அரிசி அளந்து வைப்பார்கள். பட்டறையில் உங்களுக்கு மதியச் சாப்பாடு கிடைத்துவிடும். அறையில் இருக்கும் அம்மாவை யாரும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். இதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பேராசிரியர் கருத்தரங்கில் விருந்து சாப்பிடுவார், உடன் வந்த வயதான அம்மா அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பார். இன்சுலின் போட்டுக்கொண்டவர் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். "அம்மாவுக்கு ஒன்றேகால் மணிக்கு அறைக்கே சாப்பாடு வர வேண்டும்" என்று வாயால் சொல்லுங்கள், ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள்.

எங்கள் பக்கம் பருமனான சிவப்புச் சம்பா அரிசிச் சோறு. பழகியவர்களுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. குழந்தைக்கு மெல்ல வராது. தனியாகக் குழைய வேகவைத்த வெள்ளைச் சோறு கேளுங்கள். கறி எல்லாம் தேங்காய் அரைத்து, தேங்காயெண்ணெயில் தாளித்தது. அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் முதல் நாளே சொல்லிவிடலாம், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை கடைசிவரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் வரும் மீன்தான் சந்தைக்கு வரும், விலையும் ஏறிவிடும். மீன்குழம்பு இல்லையே என்று கேட்டால் அடுக்களைக்காரரிடம் பதில் இருக்காது.

குழந்தைக்கு மட்டி வாழைப்பழம் வாங்கிக் கொடுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், நல்ல மணம். எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டும் பழம் அது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, காயவைத்துப் பொடித்த மாவும் கடைகளில் இருக்கும், பால் விட்டுக் காய்ச்சினால் நல்ல கஞ்சி. புதிதாகக் கொடுப்பதால் முதல் நாள் இரண்டு கரண்டி போதும்.

இன்சுலினைப் பற்றி ஒரு வார்த்தை. அறையில் குளிர்சாதனப் பெட்டி இருக்காது, அடுக்களையில் இருக்கும். ஒரு டப்பாவில் போட்டு, பெயரும் அறை எண்ணும் எழுதி, "உறைபெட்டியில் வைக்கக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் ஒட்டுங்கள். கதவுத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். மருந்து என்றாலே நன்றாகக் குளிர வேண்டும் என்று நினைத்து எங்கள் அடுக்களையில் வேலை செய்த பிள்ளை, விருந்தினர் ஒருவருடைய இன்சுலினை மேலே உறைபெட்டியில் வைத்துவிட்டாள். காலையில் கல்லாகியிருந்தது. உறைந்த இன்சுலின் இளகினாலும் பயன்படாது. ஞாயிற்றுக்கிழமை, எங்கெங்கோ ஓடி வாங்கிவந்தோம். ஒரு குப்பி கூடுதலாகக் கொண்டுவாருங்கள், அதையும் இதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

மழையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. திருச்சியில் வெயில் கொளுத்தும்போது இங்கே தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. குழந்தைக்கு இருமடங்கு துணி எடுத்துவையுங்கள், ஒரு கொடிக்கயிறும் வேண்டும். மாலை ஐந்தரைக்கே ஜன்னலைச் சாத்திவிட்டால் கொசு குறையும். ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வளாகங்களில் மழைக்காலத்தில் பாம்பு நடமாட்டம் உண்டு. பயப்பட வேண்டாம், ஆனால் இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கவும் வேண்டாம். செருப்பை வாசற்படியில் விட்டால் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். அவசரம் என்றால் 108. தக்கலையில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

வேறு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். தினமும் மாலையில் இங்கே வந்து பார்ப்பேன்.

ஆய்வகத்து விளக்கு:

அம்மா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. இப்போது வளாகத்தில் தங்கி ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் இணைய வசதியைப் பற்றிச் சொல்கிறேன் அக்கா. உங்கள் கல்லூரி 'எடுரோம்' இணைப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கல்வி நிறுவனத்தின் கணக்கை வைத்து மற்ற நிறுவனங்களிலும் வைஃபை பயன்படுத்தும் வசதி அது. இந்தியாவில் அதைக் கல்வி நிறுவனங்களுக்கான இணைய அமைப்பான எர்னெட் நடத்துகிறது. உங்கள் கல்லூரியும் நீங்கள் வரும் வளாகமும் அதில் இருந்தால், உங்கள் கல்லூரி மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லுமே இங்கேயும் வேலை செய்யும். ஆனால் ஊரில் இருக்கும்போதே அலைபேசியிலும் மடிக்கணினியிலும் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள். இங்கே வந்து இணையாவிட்டால், சரிசெய்ய வேண்டியவர்கள் உங்கள் கல்லூரிக்காரர்கள்தான். இந்த வசதி இல்லையென்றால், கணினி மையத்தில் விருந்தினருக்கென்று தற்காலிகக் கடவுச்சொல் தருவார்கள். அலுவலக நேரத்தில் மட்டும்தான் கிடைக்கும். சனிக்கிழமை மாலை கேட்டால் திங்கட்கிழமைதான்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் நீங்கள் இருக்கும் வாரத்தில் வருகிறதா என்றும் கேளுங்கள். அன்று பகலில் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. இன்வெர்ட்டரில் விளக்கும் மின்விசிறியும் ஓடும், தண்ணீர் மோட்டார் ஓடாது. காலை எட்டு மணிக்குள் வாளிகளை நிரப்பி வைத்துவிட வேண்டும்.

ஓய்வு கிடைத்தால் பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. கன்னியாகுமரியில் ஜூன் மாதம் கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். விசாரித்துவிட்டு அம்மாவை அழைத்துப் போங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, உங்கள் பதிலை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும் அம்மா என்ற இடம் வந்ததும் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் அப்படித்தான் செய்திருப்பேன். எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிவிட்டேன். அம்மா, குழந்தை இருவர் பெயரையும் சேர்த்துப் புதிய கடிதம் அனுப்புவதாகச் சொன்னார். அந்த இல்லத்தில் மதியம் பன்னிரண்டு மணிக் கணக்குதானாம். முந்தைய இரவிலிருந்தே அறை பதியச் சொல்லிவிட்டேன், அந்த ஓர் இரவுக்கு என் செலவு.

இன்னும் ஒரு சந்தேகம். என் மகள் தொட்டிலில் மட்டும்தான் தூங்குவாள். கட்டிலில் போட்டால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவாள். அறையில் சேலை கட்டித் தொட்டில் போட இடம் இருக்குமா? மின்விசிறிக் கொக்கியில் கட்டலாம் என்று அம்மா சொல்கிறார்.

ரப்பர்க்காட்டு அம்மா:

மின்விசிறிக் கொக்கியில் கட்டவே கூடாது மக்களே. அம்மாவிடமும் என் பெயரைச் சொல்லி இதைச் சொல்லுங்கள். நம் வீட்டுக் கொக்கி யார் போட்டது, எந்தக் கம்பியில் மாட்டியது என்று நமக்குத் தெரியும். அங்கே கட்டடம் எவ்வளவு பழையது என்று தெரியாது, மழைக்காலத்தில் மேல்தளம் ஊறியிருக்கலாம். அதுவும் அசையாமல் தொங்கும் எடைக்குப் போட்ட கொக்கி. பிள்ளை ஆட ஆட என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜன்னல் கம்பியிலும் வேண்டாம், சாய்ந்து ஒரு பக்கமாக வரும்.

மடக்கி எடுத்துவரும் இரும்புத் தொட்டில் ஸ்டாண்ட் இருக்கிறதே, அதைக் கொண்டுவர முடிந்தால் நல்லது. ரயிலில் பாரம் என்றால், இல்லத்தில் பேசும்போது "பக்கத்தில் யார் வீட்டிலாவது தொட்டில் ஸ்டாண்ட் இருக்குமா" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எங்கள் இல்லத்தில் ஒன்று இருந்தது. சமையல் செய்த அக்காவின் மூன்று பிள்ளைகளும் தூங்கிய ஸ்டாண்ட் அது. கடைக்குட்டி பள்ளிக்கூடம் போனதும் கொண்டுவந்து பொருட்கள் அறையில் வைத்துவிட்டார். பதினோரு ஆண்டில் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் அதில் தூங்கின. சேலை மட்டும் அவரவர் கொண்டுவருவார்கள். பழைய நூல்சேலையாக, உங்களுடைய வாசனை உள்ளதாக எடுத்துவாருங்கள். புது இடத்தில் பிள்ளை அதைத்தான் தேடும்.

கிடைக்கவே இல்லையென்றால், கட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டு மெத்தையைத் தரையில் போடச் சொல்லுங்கள். ஈரத்தரை, அதனால் அடியில் ஒரு பாய் வேண்டும். உதவியாளர் கொண்டுவருவார். அம்மாவுக்குத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒத்துழைக்காவிட்டால் அவருக்கு மட்டும் கட்டில் இருக்கட்டும்.

கார் பேசிவிட்டீர்களா? அந்த ஓட்டுநரின் பெயரையும் வண்டி எண்ணையும் கேட்டுக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களை உள்ளே விட்டுவிட்டு வண்டியை வெளியே நிறுத்தச் சொல்வார்கள். கேட்டிலிருந்து இல்லம்வரை மழையில் நடக்க வேண்டிவரும்.